கோயில் மேட்டில் ஒரு வள்ளம்

சேந்தன்கரையில் புதுக்கோயிலுக்கு நூல் பிடித்தார்கள். கிழக்கு மூலையில் அடித்த முளையிலிருந்து கொத்தனார் நூலை இழுத்துக்கொண்டு போனார். பாதி தூரத்தில் அது ஒரு வள்ளத்தில் தட்டி நின்றது.

பழைய கோயிலின் பீடச் சுவரை முந்தின மழைக்காலத்தில் கடல் தின்றிருந்தது. ஊரில் மேடான இடம் இந்த மணல்மேடு ஒன்றுதான். கடலுக்குப் போகாத நாளெல்லாம் ஆண்கள் கல் சுமந்தார்கள். பெண்கள் மீன் விற்றுத் திரும்பிய கையோடு மணல் அள்ளினார்கள். அஸ்திவாரக் கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்க ஆயர் வருவதாகச் சொல்லியிருந்தார். வள்ளம் மட்டும் நடுவில் கிடந்தது.

அது கஸ்பாரின் வள்ளம். பழுது பார்ப்பதற்காக அவன்தான் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தான். வேலை பாதியில் இருக்கும்போது, ராயப்பனின் வள்ளத்தில் ஆள் குறைகிறது என்று ஒரு விடிகாலையில் கூடப் போனான். அந்த வள்ளம் கரைக்குத் திரும்பவில்லை. ஐந்து வருஷமாகிறது. கஸ்பாரின் வள்ளத்தை நகர்த்த அவன் மனைவி கித்தேரி யாரையும் விடவில்லை.

ராயப்பன், உபதேசியார் பெர்க்மான்ஸின் தம்பி.

தம்பி போன பிறகு பெர்க்மான்ஸ் கடல் தொழிலை விட்டுவிட்டார். பங்குச் சாமியார் வியாகுலத்தின் முன்னால் போய், "எனக்கு வேதம் சொல்லிக்குடுங்க சாமி" என்று நின்றார். அன்று முதல் அவருக்குச் சீடர், கோயிலுக்கு உபதேசியார். கரைக்குப் போக நேர்ந்தாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்.

கித்தேரி அவருக்கு மதினி முறை; அவளிடம் பேச அவரே போனார். அவள் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள்.

"மயினி, ஊரே காத்துக்கிட்டு நிக்கி."

"நானும்தான் காத்துக்கிட்டு இருக்கேன், தம்பி."

"கொஞ்சம் தள்ளித்தான் வைக்கப்போறோம். பலகை ஒண்ணும் கெடாது."

"அவுக வந்தா மொதல்ல இங்கதான் வருவாக. வேலை பாதியில கெடக்குல்லா."

"அஞ்சு வருசம், மயினி."

"தெரியும்."

"ராயப்பனுக்கு நான் துக்கப்பூசை வச்சேன். ஒடம்பு இல்லாமலே கல்லறையில சிலுவை நட்டேன். நீங்களும் அப்படி ஒண்ணு செஞ்சா மனசு ஆறும்."

"நீங்க நட்டீக" என்றாள் கித்தேரி. "ஆறிட்டா?"

பெர்க்மான்ஸ் திரும்பி நடந்தார்.

சாமியாரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெர்க்மான்ஸுக்குக் கோபம் வந்தது.

"செத்தவனுக்குக் காத்திருக்கறது விசுவாசமா சாமி? வெறும் பிடிவாதம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துருவாக."

வியாகுலம் சாமி வாசலுக்கு வந்து மேட்டைப் பார்த்தார்.

"வள்ளத்துல என்ன வேலை பாக்கி?"

"பலகை இடுக்குல பஞ்சு அடைக்கணும். மேல குங்கிலியம் பூசணும்."

"உங்களுக்கு அந்த வேலை தெரியுமா?"

"நான் கடத்தொழிலாளி மகன் சாமி."

"எனக்குத் தெரியாது. வாங்க, சொல்லிக்குடுங்க."

சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்ததைக் கித்தேரி பார்த்தாள்.

"எடுக்கச் சொல்ல வந்தீகளா சாமி?"

"இல்லம்மா. வேலை பாதியில கெடக்குன்னு உபதேசியார் சொன்னாரு."

அவள் எழுந்து வீட்டுக்குப் போய் கஸ்பாரின் உளியையும் கொட்டாப்புளிச் சுத்தியலையும் எடுத்து வந்தாள். சாமியார் கையை நீட்டினார். அவள் பெர்க்மான்ஸிடம் கொடுத்தாள்.

"சாமிக்குக் கை பழகல. நீங்க அடிங்க, தம்பி."

கஸ்பார் விட்ட இடம் தெளிவாகத் தெரிந்தது. பழைய பஞ்சு கறுத்துப்போய், ஒரு ஆணிக்குப் பக்கத்தில் முடிந்திருந்தது. அந்த இடத்தில் கஸ்பார் குனிந்திருந்தபோதுதான் ராயப்பன் வந்து கூப்பிட்டிருக்க வேண்டும். "ஒரு நாள்தான, வா" என்று தம்பி சொன்ன குரல், மேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குள் படுத்திருந்த பெர்க்மான்ஸின் காதில் அன்றைக்கு விழுந்தது. அவன் பேசி அவர் கேட்டது அதுதான் கடைசி.

உளியை வைத்தார். கை எழவில்லை.

கித்தேரி அடுத்த பஞ்சுத் திரியை நீட்டினாள். "அடிங்க" என்றாள்.

அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். துக்கப்பூசையில்கூட அவர் அழுததை ஊர் பார்த்ததில்லை. சாமியார் பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும்.

"கோயில் வேலையப் போட்டுட்டு சாமி வள்ளம் பாக்காரு" என்று கோயில் கமிட்டித் தலைவர் மரியான் தெருவெல்லாம் சொன்னார். ஒருநாள் நேரிலேயே சண்டைக்கு வந்தார். வந்தவர் குங்கிலியச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இப்படி இளக்கமா இருந்தா ஒரு மாசம் நிக்காது" என்று சட்டியை வாங்கித் தானே காய்ச்சத் தொடங்கினார். சாயங்காலம் வரை வீட்டுக்குப் போகவில்லை. அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள், ஒவ்வொருவராக.

பூச்சு காய்ந்த அன்று கித்தேரி வள்ளத்தைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு இடுக்கையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

"வேலை முடிஞ்ச வள்ளம் கரையில கெடந்தா வெயில்ல வெடிச்சிரும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு ஆட்களைப் பார்த்து, "தண்ணியில எறக்குங்க. பாத்துப் புடிங்க" என்றாள்.

ஊர் மொத்தமும் தோள் கொடுத்தது. வள்ளத்தை நிமிர்த்தி, மேட்டிலிருந்து இறக்கி, அலைக்குக் கொண்டுபோனார்கள்.

"யாரு ஏற?" என்று மரியான் கேட்டார்.

கித்தேரி பெர்க்மான்ஸைப் பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். முதல் அலை முகத்தில் அடித்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு கடலை நேராகப் பார்த்தார்.

அடுத்த நாள் நூல் தடையில்லாமல் ஓடியது. அஸ்திவாரம் தோண்டினார்கள். கித்தேரியும் மற்றப் பெண்களோடு மணல் சுமந்தாள். ஆனால் மேட்டு உச்சிக்கு வரும்போதெல்லாம் தலைச்சுமையோடு ஒரு நிமிஷம் நின்று கடலைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

பெர்க்மான்ஸ் காலையிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்த சாமியாரிடம் போனார்.

"வள்ளத்த எறக்கிட்டாக. மணலும் சொமக்காக. ஆனா இன்னமும் பாக்காக சாமி."

"ம்."

"நானும்தான் பாக்கேன்." பெர்க்மான்ஸின் குரல் தாழ்ந்தது. "நேத்து வள்ளத்துல ஏறுனதுலருந்து. பூசை வச்சேன், சிலுவை நட்டேன், எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன். இன்னைக்கு விடியும்போது கரையில நிக்கேன். வராத ஆளுக்காக இப்படி ஏங்கிக்கிட்டு, கோயில் வேலையில கை வைக்கலாமா சாமி?"

சாமியார் தொட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தார்.

"இந்தக் கோயில் யாருக்கு, உபதேசியாரே?"

"ஆண்டவருக்கு."

"பரலோகத்துக்குப் போகும்போது அவரு என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"திரும்பி வருவேன்னு."

சாமியார் நனைந்த கல் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அவரும் இன்னும் வரலியே" என்றார்.