மடங்காத கால்

திருநெல்வேலியில் எலும்பு வைத்தியர் ஒருவர் இருந்தார். பெயர் ஞானசிகாமணி. புது மூட்டு வைப்பது அவர் வேலையில்லை. வேறு இடத்தில் வைத்த மூட்டு கழன்று போகும், சீழ் பிடிக்கும், உடையும். அதை எடுத்துவிட்டு மறுபடி காலை நிறுத்துவதுதான் அவர் வேலை. அவரிடம் யாரும் சிரித்துக்கொண்டு வந்ததில்லை. அவரும் சிரித்ததில்லை.

அவரிடம் தொழில் படிக்க வந்தவன் சங்கரபாண்டியன். சின்னப் பையன் இல்லை. நாற்பதை நெருங்குகிறவன். மதுரையில் மூட்டு மாற்றி வைத்துப் பேர் வாங்கியவன். கை சுத்தம். அது அவனுக்கும் தெரியும். சிக்கலே அங்கேதான்.

ஒரு நாள் சுடலைவடிவு வந்தாள். பேருந்து நிலையத்தில் வடைக்கடை வைத்திருப்பவள். மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வலது முழங்கால். முதலில் வைத்த மூட்டில் சீழ் பிடித்தது. எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தார்கள். அதிலும் சீழ். இப்போது அது எலும்பை விட்டுக் கழன்று, அடி வைத்தாலே உள்ளே ஆடுகிறது.

எக்ஸ்ரேயை மாட்டினான் பாண்டியன். எலும்பு அரித்துப்போய்க் கிடந்தது.

"என்ன செய்யலாம்?" என்றார் ஞானசிகாமணி.

"ரெண்டு வழி சார். எல்லாத்தையும் எடுத்துட்டு, கிருமியை ஒழிச்சிட்டு, கீல் வச்ச பெரிய மூட்டா வைக்கலாம். கால் மடங்கும்."

"அதுலயும் சீழ் வந்தா?"

"தொடையோட எடுக்கணும்."

"இன்னொரு வழி?"

"தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நேரா வச்சு ஒட்டவிடுறது. மூட்டே இருக்காது. கிருமி திரும்புறதும் குறைவு. ஆனா ஆயுசுக்கும் மடங்காது."

"எது?"

"முதல் வழி. என்னால முடியும் சார்."

"முடியும். அதையா கேட்டேன்?"

பாண்டியனுக்கு முகம் சுண்டிப்போனது. விடவில்லை.

"ஒரு மனுசிக்குக் காலைக் கட்டையாக்கி வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பேரு வைத்தியமா சார்? அந்தம்மா எப்படிப் பஸ் ஏறும்? எப்படிக் கக்கூஸ் போகும்? அப்படி யாரால வாழ முடியும்?"

ஞானசிகாமணி மாவுக்கட்டு போடுகிற அந்தோணியைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவுக்கு வலது கால்ல கட்டுப் போடு. தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும், நேரா. ஒரு வாரம் இருந்து பாக்கட்டும்."

அது அங்கே வழக்கம்தான். ஒட்டுவதற்கு முன்னால் கட்டுப் போட்டு, மடங்காத காலோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்வார். அந்தோணி தலையாட்டினான்.

"அது முடிஞ்சதும் இவனுக்கும் ஒண்ணு போடு."

அந்தோணி பாண்டியனின் காலைப் பார்த்தான். "டாக்டருக்கு எங்கய்யா அடி?"

"அடி ஒண்ணும் இல்ல. கேள்வி கேட்டான். போடு."

போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் சுடலைவடிவு கட்டுக் காய்வதற்காகக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பாண்டியன் மேல் மாவு பூசுவதைக் கண்டதும் தலையைத் தூக்கினாள்.

"எய்யா, நீங்களும் மூட்டு வச்சீயளோ?"

"இல்லம்மா."

"எங்கயும் விழுந்தீயளோ?"

"இல்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா!" மருமகளைப் பார்த்தாள். "ஏட்டி, கேட்டியா? நமக்கு விதி. இவுகளுக்குப் பொழுதுபோக்கு."

அந்த வாரம் பாண்டியன் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார் ஓட்ட முடியாது. ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். "உள்ள வையிய்யா, துண்டாப் போயிரும்" என்று பைக்கில் வந்த ஒருவன் கத்திவிட்டுப் போனான். பேன்ட் ஏறவில்லை. வேட்டியோடு வார்டுக்கு வந்தான். கீழே விழுந்த பேனாவை எடுக்க நர்சைக் கூப்பிட்டான். காலைக்கடனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மனைவி முதல் நாள் சிரித்தாள். பிறகு அவளும் சிரிக்கவில்லை. புரண்டு படுக்க வழியில்லாமல் மல்லாந்து கிடந்தான். இதை எப்போது வெட்டி எடுப்பார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஒரு தெளிவும் வந்தது. சுடலைவடிவுக்கு இதைச் செய்யவே கூடாது. முன்பு படித்ததை வைத்துச் சொன்னான். இப்போது பட்டுச் சொல்கிறான். யார் மறுக்க முடியும்?

வாரம் முடிந்தது. நேரே ஞானசிகாமணியிடம் போனான்.

"போட்டுப் பாத்துட்டேன் சார். நரகம். எதிரிக்குக்கூடச் செய்யக் கூடாது. அந்தம்மாவுக்கு நான் கீல் மூட்டு வைக்கிறேன். பொறுப்பு என்னோடது."

"என்கிட்ட எதுக்குச் சொல்லுத? அவகிட்டச் சொல்லு."

சுடலைவடிவு உள்ளே வந்தாள். ஒற்றைக் கம்பை ஊன்றி, கட்டுக்காலை வெளிப்பக்கமாக வீசிப் போட்டுத் தானாக நடந்து வந்தாள். மருமகள் பின்னால் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். பாண்டியன் அதைக் கவனிக்கவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்தக் கட்டு இன்னையோட சரி. இப்படி நீங்க இருக்க வேண்டாம். மடங்குற மாதிரி ஒரு மூட்டு நான் வச்சுத் தரேன். அந்தோணி, அம்மாவுக்கு முதல்ல எடுத்து விடு."

அந்தோணி கட்டு வெட்டுகிற மெஷினை எடுத்தான். சுடலைவடிவு சட்டென்று இரண்டு கையாலும் கட்டைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ, அங்கன வைக்காத. அது இருக்கட்டும்."

"ஏம்மா?"

"ஏனா? மூணு வருசமா இந்தக் கால நான் தரையில ஊனல டாக்டரய்யா. ஊனுனா உள்ள கத்திய விட்டுத் திருகுன மாதிரி இருக்கும். ஸ்டூல்ல ஒக்காந்துகிட்டு, எண்ண காயுது, வட கருகுதுன்னு இவள ஏசுறது ஒண்ணுதான் எனக்கு வேல. கட்டுப் போட்ட மறுநா மெதுவா ஊனிப் பாத்தேன். வலியக் காணும். இன்னும் கொஞ்சம் அமுக்கி ஊனுனேன். இல்ல. நேரா சட்டிக்கு முன்னால போயி நின்னுட்டேன்."

"நின்னது மட்டுமா?" என்றாள் மருமகள். "எங் கையில இருந்து கரண்டியப் புடுங்குனாங்க. எனக்கு இங்க சுட்டுட்டு, பாருங்க."

"மூணு வருசம் கருக்கித் தள்ளுனேல்லா? அதுக்கு."

உள்ளே ஆடிக்கொண்டிருந்த இரும்பைக் கட்டு ஆடவிடாமல் பிடித்திருக்கிறது. பாண்டியனுக்கு அது புரிந்தது. ஆனாலும் விட மனசில்லை.

"அம்மா, கீழ உக்கார முடியாது."

"கடையில கீழ எங்க ஒக்கார?"

"பஸ்ல போக முடியாது."

"பின் சீட்டுல நீட்டிக்கிடுதேன். எவனாவது மிதிச்சா நல்லா நாலு கேக்கேன்."

"ஒட்டிட்டா ஒட்டினதுதாம்மா. பிறகு ஆசைப்பட்டாலும் மடங்காது. சாகுற வரைக்கும்."

அவள் கட்டின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். வேடிக்கை முகத்தை விட்டுப் போயிருந்தது.

"நீங்க வைக்கன்னு சொல்லுதியளே, மடங்குற மூட்டு. அதுலயும் சீழ் வச்சா?"

"காலை எடுக்க வேண்டி வரலாம்."

"அப்ப நிக்கதும் போயிரும்."

"வராமலும் இருக்கலாம்மா."

"முன்ன ரெண்டு தடவையும் வைக்கும்போது இதத்தான் சொன்னாங்க எய்யா. மடங்குன கால வச்சுக்கிட்டு நான் எங்கன போனேன்? எனக்கு நின்னாப் போதும்."

"நீங்க அவசரப்படுறீங்க. நானும் இதே கட்டை ஒரு வாரம் போட்டுட்டுத்தான் பேசுறேன். என்னால தாங்க முடியல."

சுடலைவடிவு அவன் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை அது. உடம்புக்கு முடியாதவனை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"கட்டுப் போடுததுக்கு முன்னால ஒங்களுக்கு வலிச்சுதா எய்யா?"

பாண்டியன் அந்தோணி கையிலிருந்த மெஷினை வாங்கிக் கீழே வைத்தான்.

ஞானசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்தார். "என்ன செய்யட்டும் தாயி?"

"ஒட்டிருங்க."

மருந்து கொடுத்துச் சீழை அடக்கி, ஆபரேஷனுக்கு நாள் வைத்தார்கள். அன்று காலை குருவும் சீடனும் தியேட்டர் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கழுவினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுடலைவடிவு மேசையில் படுத்து, மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தியைப் பாண்டியன்தான் பிடிக்க வேண்டும் என்று ஞானசிகாமணி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"சார், அந்தம்மாவுக்கும் கட்டு ஒத்துக்காமப் போயிருந்தா?"

"கீல் மூட்டுதான். நீ வச்சிருப்ப. நான் பக்கத்துல நின்னிருப்பேன்."

பாண்டியன் விரல் இடுக்குகளைத் தேய்த்தான். நகத்தைத் தேய்த்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்களுக்குக் கட்டுப் போட்டது சரி. அவங்க கால், அவங்க சொல்லணும். எனக்கு எதுக்கு சார் போட்டீங்க? ஒரு வாரம் போட்டுட்டுத் திரிஞ்சும் தப்பாத்தானே சொன்னேன்? அவங்க பாடு எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

ஞானசிகாமணி முழங்கையால் தட்டிக் குழாயை மூடினார்.

"போட்டுப் பாத்தாலும் தெரியாதுங்கிறது உனக்குத் தெரிய வேண்டாமாடே?"