ஈ ஏன் கையைத் தேய்க்கிறது

அந்தக் காலத்தில் ஈக்கும் பேச்சு உண்டு, நோய்க்கிருமிக்கும் பேச்சு உண்டு. கிருமி அப்போது ஆமணக்கு விதை அளவு இருக்கும். தெருவில் உருண்டு வரும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் துடைப்பத்தால் ஒரே வீச்சில் குப்பைமேட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். வாந்தியும் பேதியும் ஊருக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஈக்கோ ராசமரியாதை. பானையில் கஞ்சி நல்ல பதமா, ஊசிப்போச்சா என்று முதலில் தொட்டுப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. "ஈயண்ணே, வாங்க" என்றுதான் எந்த வீட்டிலும் கூப்பிடுவார்கள். வாசல் தண்ணீரில் கைகால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. புதுமாப்பிள்ளை வந்தாலும் அதுதான் சட்டம். ஈக்கு மட்டும் விலக்கு. பறந்து வருகிறவர் காலில் ஏது மண் என்று விட்டுவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

குப்பைமேட்டில் கிடந்த கிருமி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஈயைக் கூப்பிட்டு, என்னை ஊருக்குள் கொண்டுபோய் விடு, இந்தக் கருப்பட்டித் துண்டு உனக்குத்தான் என்றது. உன்னைத் தூக்கினால் என் முதுகு முறிந்துவிடும் என்றது ஈ. உடனே கிருமி அங்கே கிடந்த உடைந்த அம்மியில் தன்னையே அரைத்துக்கொண்டது. கண்ணுக்கே தெரியாத தூளாகி ஈயின் கைகால்களில் அப்பிக்கொண்டது. கருப்பட்டியை நக்கி முடித்த ஈ, நேராகப் பொன்னுருவி வீட்டுக் கஞ்சிப் பானையில் வந்து உட்கார்ந்தது.

மறுநாளே பொன்னுருவியின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வாந்தி, பேதி. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் துவண்டு கிடந்தது. ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார்கள். தாய்ப்பால் கெட்டுவிட்டது என்றார்கள். நாத்தனார் வீராயி உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே, "சுத்தமில்லாத கை, மதினி. எங்கண்ணன் பிள்ளையை நீதான் இப்படிப் பண்ணிட்டே," என்றாள்.

பொன்னுருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானையை மூன்று தடவை தேய்த்துக் கழுவுகிறவள் அவள். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு, சங்கில் எடுத்துப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டே யோசித்தாள். இந்த வீட்டுக்குள் கழுவாமல் வருகிறது யார்?

விடிந்ததும் குப்பைமேட்டில் ஒரு கை மஞ்சள்தூளைத் தூவிவிட்டு வந்தாள். ஊரைக் கூட்டி, மஞ்சள் தூவிய இடத்தைச் சொல்லிவிட்டு, வெள்ளைவெளேரென்று சோறு வடித்து நடுவில் வைத்தாள். ஈ வந்தது. சோற்றின்மேல் சுற்றிச் சுற்றி நடந்து, பதம் அருமை என்றது. நடந்த இடமெல்லாம் மஞ்சள் புள்ளி, ஆறு ஆறாக.

வீராயி சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் காட்டு," என்றாள் பொன்னுருவி. "அண்ணே" எல்லாம் போய்விட்டது.

வழியில் ஏதோ ஒட்டியிருக்கும் என்று ஈ கைகளை மறைத்தது. எத்தனை வருசமாகப் பதம் பார்க்கிறேன், என்னையே சந்தேகப்படுகிறாயா என்றது.

"குப்பையில மிதிச்ச காலோட என் பிள்ளை கஞ்சியில ஏறியிருக்கே. ஊரே என் பாலைக் குத்தம் சொன்னப்போ பானை விளிம்புல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? அந்தா, வாசல்ல தண்ணி இருக்கு. எல்லாரையும் போலக் கழுவிட்டு வா."

"பதம் பார்க்கிறவன் நான், வாசல்ல நின்னு கழுவணுமா? தேய்ச்சுவிட்டாப் போச்சு," என்று ஈ இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தது. மஞ்சள் உதிர்ந்தது. கிருமி உதிரவில்லை. பொன்னுருவி அந்தச் சோற்றைக் குழிவெட்டிப் புதைத்தாள். பானையைத் தட்டால் மூடினாள். அப்புறம் துடைப்பத்தை எடுத்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது. வீராயி வந்தாள். யாரும் சொல்லாமலே வாசலில் இரண்டு தடவை கைகால் கழுவினாள். பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள்.

அன்று முதல்தான் கஞ்சிப் பானைக்கு மூடி வந்தது; ஈயும் உட்கார்ந்த இடத்திலெல்லாம் கையைத் தேய்த்துத் தேய்த்து, போச்சு போச்சு என்று காட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் தண்ணீர்ப் பக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.