நூற்று இருபது சதவீத ஆப்பிள் சாறு

குன்னூர் மார்க்கெட் சரிவில் இருக்கிறது செல்லையாவின் சலூன். அங்கே செலஸ்டின் கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டால், பெஞ்சில் இருப்பவர்களுக்கு முடி வெட்டிக்கொள்ள வந்த ஞாபகமே போய்விடும். அன்றைக்கு அவர் எடுத்துவிட்டது, கொல்லை ஆப்பிளைப் பிழிந்து வீட்டில் புளிக்க வைத்திருக்கும் சைடர் பற்றி.

"அளக்கிறதுக்குன்னே கண்ணாடிக் குச்சி ஒண்ணு வாங்கினேன். அடியில ஈயக்குண்டு. சாறுல சர்க்கரை ஜாஸ்தின்னா மேல மிதக்கும். சர்க்கரை சாராயமா மாற மாற உள்ள அமுங்கும். எவ்வளவு அமுங்குதோ அவ்வளவு போதை."

"நாங்க பாலை அளக்கிற மாதிரி" என்றார் போஜன். பால் சொசைட்டியில் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷன்.

"பாலா? என் சாறுல குச்சி உள்ளயே போகலய்யா. நட்டுக்குத்தலா மேல நிக்குது. விரலால ஒரு அமுக்கு அமுக்கினேன், எகிறிப் போய்க் கூரையில குத்திக்கிச்சு. அவ்வளவு இனிப்பு. ஊட்டியிலேர்ந்து எறும்பு பஸ் பிடிச்சு வந்துச்சு."

"டிக்கெட் எடுத்துச்சா?" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கண்டக்டரே இனிப்புக்கு இறங்கிட்டான், யார்கிட்ட எடுக்கிறது?"

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. அது போதும் செலஸ்டினுக்கு.

"அப்புறம் ஈஸ்ட் போட்டு மூடினேன். மூடியில இருக்கிற குழாய் வழியா காத்து வந்து விசிலடிக்குது. மலை ரயில் சிக்னல்னு நினைச்சு நின்னுடுச்சு. டிரைவர் வீட்டுக்கே வந்து, 'அண்ணே, கொடி காட்டினா கிளம்பிடுவேன்'ங்கிறார்."

"குச்சி என்னாச்சு?" என்றார் போஜன், விடாமல்.

"அமுங்கிச்சு. ஜாடி, மேஜை, தரை எல்லாத்தையும் தாண்டி கீழ்வீட்டு ரசத்துல விழுந்து, அங்கயும் நிக்கல. மேட்டுப்பாளையத்துல கிணறு வெட்டுறவன் கையில கிடைச்சிருக்கு."

"அப்ப எத்தனை சதவீதம்?"

"நூத்தி இருபது."

"நூத்துக்கு மேல எப்படிய்யா போகும்?"

"நூறு ஜாடிக்குள்ள. மிச்ச இருபது வீட்டைச் சுத்திக் காத்துல நிக்குது. எங்க வீட்டுக்கு மேல காக்கா பின்பக்கமா பறக்குது, வந்து பாரு."

போஜன் சிரிக்கவில்லை. "சரி, வீட்டுலேர்ந்து ஒரு டம்ளர் கொண்டு வரச் சொல்லு. வரலேன்னா இனிமே இந்தக் கடையில நீ வாயைத் திறக்கக் கூடாது."

பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது. செல்லையாவின் கத்திரிக்கோல் கூட நின்றுவிட்டது. செலஸ்டின் அந்த ஜாடியைத் திறந்து பார்த்தே நாளாகிவிட்டது. ஆனால் இந்தக் கடையை விட்டால் அவர் பேச்சைக் கேட்க ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ரெஜினா மார்க்கெட் பையோடு வாசலில் வந்து நின்றாள். செலஸ்டின் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ரெஜினா, நம்ம சைடர் ஜாடியிலேர்ந்து ஒரு டம்ளர் எடுத்துட்டு வா. பார்த்து, மூச்சை இழுத்துடாதே."

"அந்த ஜாடியா? அது புளிச்சுக் காடியாப் போச்சுங்க. பூண்டு ஊறுகாயில ஊத்திட்டேன்." ரெஜினா பைக்குள் கைவிட்டு ஒரு வினிகர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "அதுக்கும் புளிப்பு பத்தல. இப்பத்தான் கடையில வாங்கிட்டு வர்றேன்."