கம்பளி மேல் விழுந்த பழி

மழை பெய்தாலே திருவிழா எடுக்கிற ஒரு வறண்ட சீமையை, வெகுகாலத்துக்கு முன்னால் மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். உத்தரவு போடுவதற்கு முன்னால் யோசிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. போட்ட பிறகுதான் யோசிப்பான்.

அவனுக்குச் சாமரம் வீசப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவர் தாண்டவராயர். விருந்தாளியோ, சாமி சிலையோ, பட்டத்து யானையோ, அரண்மனைக்குள் எது வந்தாலும் சாமரம் வீசியே ஆகவேண்டும் என்று அவர் ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தார். போன தை மாதக் குளிரில் வீரக்காள் என்ற ஆட்டுக்காரி தன் கையால் நெய்த கம்பளி ஒன்றை ராஜாவுக்குக் கொடுத்தாள். அதைப் போர்த்திய ராஜா ஒரு மாதம் சாமரத்தின் பக்கமே திரும்பவில்லை. தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது.

சித்திரை பிறந்தது. பழக்க தோஷத்தில் ராஜா ஒரு மத்தியானம் அதே கம்பளியைப் போர்த்திப் படுத்து, வேர்வையில் தொப்பலாக நனைந்து எழுந்தான். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா தாண்டவராயர்? சூடு குடியிருப்பதே கம்பளிக்குள்தான், நாட்டில் இத்தனை கம்பளி இருப்பதால்தான் இத்தனை வெயில் என்று ஓதினார். ராஜாவும் நம்பிவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கம்பளியையும் கொளுத்த வேண்டும், இனி யாரும் நெய்யவும் கூடாது என்று முரசு அறைந்தார்கள்.

ஆட்டுக்காரர்கள் தலையில் இடி விழுந்தது. நெய்யாவிட்டால் பிழைப்பு இல்லை. கம்பளி இல்லாவிட்டால் மலையடிவாரக் குளிரைப் பச்சைக் குழந்தைகள் தாங்காது. வியாழக்கிழமை காலையில் வீரக்காள் தோளில் நாலு கம்பளியைப் போட்டுக்கொண்டு நேராகச் சபைக்கு வந்துவிட்டாள்.

"மகராசா, கம்பளியில சூடு இல்லீங்க. இருந்தா, அதை மடிச்சு வச்சு அது மேல சோறு பொங்கிரலாமே" என்றாள்.

தாண்டவராயர் அவளை வெளியே அனுப்பச் சொன்னார். ராஜா வாயைத் திறப்பதற்குள் வானம் இருண்டது. சடசடவென்று ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சீமையில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. ராஜா சபையை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினான். கிரீடத்தில் டங்டங்கென்று கட்டிகள் விழ விழ, அவனே குனிந்து பொறுக்கினான். மழை நின்றபோது இரண்டு பெரிய கூடை நிறையச் சேர்ந்திருந்தது. அடுத்த நிமிஷம் வெயில் பழையபடி கொளுத்தத் தொடங்கியது.

ராஜாவுக்குத் தவிப்பு வந்துவிட்டது. ராணி கோயிலுக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் திரும்புவாள். அவள் பார்க்காமல் இது உருகிப் போய்விட்டால் என்ன செய்வது?

தாண்டவராயர் முந்திக்கொண்டார். பனிக்கட்டியும் வந்த விருந்தாளிதான், சாமரம் வீசினால் போதும், குளிர்ச்சி குறையவே குறையாது என்று ஒரு கூடையை எடுத்துக்கொண்டார். வீரக்காள் மற்றக் கூடையைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். கம்பளியில் சுற்றி வைப்பேன் என்று அவள் சொன்னதும் சபையே சிரித்தது. பனிக்கட்டியை வேகவைக்கப் போகிறாளாம் என்றார் ஒரு புலவர்.

"எங்கூடை முதல்ல உருகினா, நாளைக்கு எங்க கம்பளிக்கு நானே தீ வைக்கிறேன்" என்றாள் அவள்.

போட்டி ஆரம்பமாயிற்று. தாண்டவராயர் கட்டிகளைப் பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினார். பன்னிரண்டு சாமரங்களும் ஒன்றாக எழுந்தன. வீரக்காள் தன் கூடையை நாலு கம்பளியாலும் இறுக்கச் சுற்றினாள். தண்ணீர் வடிய அடியில் மட்டும் சிறு இடைவெளி விட்டு, கூடையை நிழலில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே அனல் காற்று. தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கியது. "வேகமா வீசுங்கடா" என்றார் தாண்டவராயர். அவர்கள் வேகமாக வீச, கட்டிகளும் வேகமாகச் சிறுத்தன. நெல்லிக்காய் அளவு இருந்தவை மிளகளவு ஆயின. தோள்பட்டை இற்றுப்போக வீசினார்கள். நாலு நாழிகைக்குள் தாம்பாளத்தில் வெறும் தண்ணீர் தளும்பியது, அதற்கும் சாமரம் வீசிக்கொண்டிருந்தார்கள்.

ராணியின் பல்லக்கு வாசலில் இறங்கியது. ராஜா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வீரக்காள் ஒவ்வொரு கம்பளியாகப் பிரித்தாள். நாலாவது விலகியது. அரைக் கூடைக்கு மேல் பனிக்கட்டி பளபளவென்று கிடந்தது. ராணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பல் கூசிச் சிரித்தாள். ராஜா குதிக்காத குறைதான்.

"எனக்கு வேர்க்க வைத்த கம்பளி இதற்கு எப்படிக் குளிர் கொடுத்தது?" என்று கேட்டான்.

"அதுக்குச் சொந்தமா சூடும் இல்ல, குளிரும் இல்ல மகராசா. சூடு எப்பவும் சூடான எடத்துலருந்து குளுந்த எடத்துக்குத்தான் ஓடும். கம்பளி அதை லேசுல போக விடாது. தை மாசம் ஒங்க ஒடம்புச் சூட்டை வெளிய விடல. இன்னிக்கு வெளிச் சூட்டை உள்ள விடல."

"விசிறினால் எனக்குக் குளிர்கிறதே?"

"ஒங்களுக்கு வேர்க்குது. வேர்வை காயறப்ப ஒடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போவுது. கட்டிக்கு ஏது வேர்வை? அனல் காத்தைப் புதுசு புதுசா கொண்டாந்து அது மேல கொட்டினா உருகாம என்ன செய்யும்?"

ராஜா தலை குனிந்தான். எரிக்கும் உத்தரவை அங்கேயே கிழித்துப் போட்டான். மலையடிவார மேய்ச்சல் நிலம் முழுவதையும் ஆட்டுக்காரர்களுக்கே எழுதிக் கொடுத்தான். தாண்டவராயருக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது. வருகிற தை மாதம் முழுக்க அவர் ஆட்டுக்காரர்களோடு தங்கவேண்டும், போர்த்திக்கொள்ள எதுவும் கொண்டுபோகக் கூடாது, துணைக்குச் சாமரம் மட்டும்.

தை மாதம் முதல் தேதி போனவர் மூன்றாம் நாள் விடியலில் பல் கிடுகிடுக்க வீரக்காளின் குடிசை வாசலில் வந்து நின்றார்.

"தாயே, சூடாக ஒரு கம்பளி கொடு" என்றார்.

"சூடான கம்பளி எங்கிட்ட இல்லீங்களே" என்றாள் வீரக்காள். பிறகு உள்ளே போய் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து வந்து அவர் தோளில் போர்த்தினாள். "சூடு ஒங்ககிட்டதான் இருக்கு. இது அதைப் பத்திரமா வச்சுக்கும்."