லீதியாள் சொன்ன ஆமென்

காட்டாறு வற்றிப்போயிற்று. குளம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தன. மிருகங்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தன.

அன்னபாக்கியம் என்ற யானை ஆற்று மணலில் இறங்கினாள். தும்பிக்கையால் இங்கும் அங்கும் மோந்து பார்த்தாள். ஓரிடத்தில் நின்று காலால் மணலை வாரி வாரித் தள்ளினாள். ஆழத்தில் ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்று காடே கத்தியது.

அந்தக் காட்டு மிருகங்களுக்குப் பக்தி அதிகம். ஞாயிறு தவறாமல் மருதமரத்தடியில் கூடி ஜெபம் பண்ணும். ஞானாபரணம் என்ற நரிதான் சபை மூப்பர். ஜெபம் பண்ண அவரைவிட்டால் ஆள் கிடையாது. கண்ணை மூடினால் லேசில் திறக்கமாட்டார்.

அன்னபாக்கியம் அவரைக் கூப்பிட்டாள். "மலைக்கு அந்தாண்ட என் மக பிள்ளை பெத்திருக்கா. போய்ப் பார்த்துட்டு வர்றேன். ஊத்தைப் பார்த்துக்குங்க. வர்றவங்க யாரா இருந்தாலும் தண்ணி குடுங்க. ஊத்துல தண்ணி எடுத்துக்கிட்டே இருக்கணும். சும்மா கெடக்க விடாதீங்க!"

"அப்படியே ஆகட்டும், அம்மா!" என்றார் மூப்பர்.

யானையின் தலை மறைந்ததும், ஊற்றின் கரையில் ஒரு கல்லைப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் துரைசிங்கம் என்ற மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கய்யா, வாங்க! முன்னால வாங்க! கால் நனையாம குடிங்க!" என்று நரி எழுந்து நின்றது.

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. உடம்பெல்லாம் புழுதி.

"மூப்பரே, தொண்டை காஞ்சுபோச்சு!"

"அங்கேயே நில்லு! உன் முள்ளு யாரையாவது குத்திட்டா நானா பதில் சொல்றது? போ, பெறகு பார்க்கலாம்!"

காட்டுப்பன்றி வந்தது. "சேத்துல புரள்றவனுக்கு எதுக்கு நல்ல தண்ணி?" என்றார் மூப்பர். ஆந்தை வந்தது. "உன் முழியே சரியில்ல!" இப்படியே ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்கு.

"நல்ல ஜனங்களுக்குத் தண்ணி மிச்சம் இருக்கணும்ல?" என்று மூப்பர் கேட்டார். நல்ல ஜனங்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களில் லீதியாள் என்ற புள்ளிமானும் இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது. அதனால் அவளும் வாய் திறக்கவில்லை.

ஆனால் நடந்தது வேறு. எடுக்க ஆளில்லாமல் தண்ணீர் தேங்கி நின்றது. காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டியது. வண்டல் படிந்து ஊற்றுக்கண் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. குழியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று.

"பார்த்தீங்களா? நான் கண்டிப்பா இல்லாட்டி இதுவும் மிஞ்சியிருக்காது!" என்றார் மூப்பர். அன்றுமுதல் இன்னும் பல பேரைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் குழியின் அடியில் கலங்கலாகக் கொஞ்சம்தான் கிடந்தது.

ஞாயிறு வந்தது. மூப்பர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, மழை தாரும்! எல்லார்மேலும் இரங்கும்! எல்லார்மேலும் இரங்கும்!"

"ஆமென்!" என்றது சபை. லீதியாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

ஜெபம் முடிந்து ஊற்றுக்குத் திரும்பினால், அங்கே ஒரு கழுதைப்புலி நின்றது. அதன் காலடியில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

லீதியாள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். போன கோடையில் அவளுடைய கன்றைத் தூக்கிக்கொண்டு போனது இதே கழுதைப்புலிதான்.

"இங்க எதுக்கு வந்தே?" என்று நரி தூரத்தில் நின்றே கத்தியது.

"எனக்குத் தண்ணி வேண்டாம். எம்புள்ளைக்கு ஒரு வாய் மட்டும் குடுங்க. கண்ணு சொருகிப்போச்சு. ஊத்துல நானே வாய் வச்சுட்டா நீங்க யாரும் குடிக்கமாட்டீங்க. அதான் கேட்டு நிக்கிறேன்" என்றது கழுதைப்புலி. பிறகு மானைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டது. "உன்கிட்ட கேக்க எனக்கு முகமில்ல, தாயி."

"நல்லா வேணும்! லீதியாளோட கண்ணீர் சும்மா போகுமா?" என்றது மயில்.

லீதியாளுக்கும் அப்படித்தான் தோன்றியது. என் பிள்ளைக்கு இவள் இரங்கினாளா என்று நெஞ்சு கொதித்தது. அப்போது குட்டி வெறும் மணலை நக்கியது. அவளுடைய கன்றும் அந்த அளவுதான் இருக்கும்.

அவள் நரியின் பக்கம் திரும்பினாள். "மூப்பரே, இப்பத்தான் எல்லார்மேலும் இரங்கும்னு ஜெபம் பண்ணினீங்க. நானும் ஆமென் சொன்னேன். எல்லார்னா யாரு?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். "அது... ஜெபத்துல சொல்றது!"

"நான் ஆமென் சொன்னது ஆண்டவர்கிட்டயாச்சே!"

லீதியாள் குழிக்குள் இறங்கினாள். கண்ணீர் வழிய வழியக் குளம்பால் சேற்றை வெட்டி வெளியே தள்ளினாள்.

"ஐயோ! இருக்கிற தண்ணியும் போகப்போகுது! நம்ம எல்லாரையும் கொல்லப்பார்க்கிறா!" என்று நரி குதித்தது.

அவள் நிறுத்தவில்லை. சேற்றை ஒதுக்கி ஒரு சிறு பள்ளம் பறித்தாள். மிச்சமிருந்த தண்ணீர் அதில் கூடியது. "குட்டியைக் கொண்டா!" என்றாள்.

குட்டி குடித்தது. கடைசிச் சொட்டுவரை நக்கியது. குழி காலியாயிற்று.

லீதியாள் இன்னும் ஒரு வெட்டு வெட்டினாள். அடைத்திருந்த வண்டல் பெயர்ந்தது. அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டது! குளம்பை நனைத்தது, முழங்காலைத் தொட்டது, குழி நிறைந்து மணலில் வழிந்து ஓடியது!

"தண்ணி! தண்ணி!" முள்ளம்பன்றி உருண்டு வந்தது. காட்டுப்பன்றி தலைகீழாகப் பாய்ந்தது. பகலென்றும் பாராமல் ஆந்தை பறந்து வந்தது. குட்டி எழுந்து நின்று உடம்பை உதறியது. அப்பாடா, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

கழுதைப்புலி மானின் முன்னால் மண்டியிட்டது. "உன் இனத்துமேல இனி என் பல்லு படாது" என்றது. அந்த வார்த்தையை அது கடைசிவரை காப்பாற்றியது.

மலையைத் தாண்டி வந்த அன்னபாக்கியம் இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பிளிறினாள். எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் புதருக்குப் பின்னால் வாலை மடக்கிக்கொண்டு நின்றார். மூப்பர்தான்.

"அவருக்குக் குடுக்காதீங்க!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

"அப்படிச் சொல்லாதே" என்றாள் லீதியாள். புதர்ப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "மூப்பரே, நீங்களும் வாங்க! நான் சொன்ன ஆமென் உங்களுக்கும் சேர்த்துத்தான்!"

நரி வெட்கத்தோடு வந்து, காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் நடுவில் தலைகுனிந்து தண்ணீர் குடித்தது.

ஆள் பார்த்துக் காட்டும் இரக்கம் அடைபட்ட ஊற்றைப்போல வற்றிப்போகும் என்பதால், கிறிஸ்துவின் பெயரைச் சொல்லுகிற நாம் நம்மை அழவைத்தவர்கள் உட்பட எல்லார்மேலும் முகம் பாராமல் இரங்க வேண்டும்.