வெந்நீர் கலந்த தொட்டி

கத்தோலிக்கக் குரு ரபேல் சாமியிடம் மறைக்கல்வி படிக்க வந்தவர்களில் ஜெபசீலிதான் சாமியைவிட வயதில் மூத்தவர். பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்து வளர்ந்ததெல்லாம் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபையில். அப்பா கோயில் காரியம் பார்த்த உபதேசியார், அண்ணன் போதகர்; அந்தச் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி ஆர்.சி. கோயிலுக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியது.

ஒருநாள் வார்டில், சாகக் கிடந்த மீனவர் ஒருவருக்கு ரபேல் சாமி நற்கருணை அப்பம் கொடுத்ததை ஜெபசீலி பார்த்தார். அதை வாங்கிக்கொண்டபோது அந்த மனிதரின் முகம் இருந்த இருப்பை அவரால் மறக்க முடியவில்லை. எனக்கும் அது வேண்டும் என்று கேட்டு வந்தவர்தான்.

பாடம் முடிந்தது. அவரைத் திருச்சபையில் சேர்க்க ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று.

"சாமி, அன்னைக்கு முதல்ல எனக்கு ஞானஸ்நானம் குடுத்திருங்க. பழசெல்லாம் கழுவிப் போயிரட்டும். புதுசா வாரேன்."

சாமி எழுந்து கோயிலுக்குள் நடந்தார். ஜெபசீலி பின்னாலேயே போனார்.

வாசலருகே, ஞானஸ்நானம் கொடுக்கும் திருமுழுக்குத் தொட்டி திறந்து கிடந்தது. காலையில்தான் ஒரு குழந்தைக்குக் கொடுத்திருந்தார்கள். சாமி அதன் மர மூடியை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அதிலேயே கையை ஊன்றி நின்றுகொண்டார்.

"ஏன் சாமி மூடிட்டீங்க?"

"உங்களுக்குத்தான் ஆகிருச்சேம்மா. அது ஒரு தடவதான்."

"அது அங்க, சி.எஸ்.ஐ.ல."

"தண்ணி ஊத்தினாங்களா?"

"ஊத்தியிருப்பாவ. கைக்குழந்தை, எனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்சவங்கள கூட்டிட்டு வாங்க. பார்த்தவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்."

ஜெபசீலிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பழைய சபையின் பதிவேடுகள் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. அப்பா அம்மா இல்லை. பார்த்தவர் என்று உயிரோடு இருப்பது அண்ணன் எபநேசர் ஐயர் ஒருவர்தான். ஆர்.சி.க்குப் போகிறேன் என்று தங்கை சொன்ன அன்றே அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"பார்த்தவங்க யாருமே இல்லேன்னா?"

"சந்தேகம்னு வந்துட்டா ஊத்தித்தான் ஆகணும்." சாமி மூடியிலிருந்து கையை எடுத்தார். "யாரும் இல்லேன்னு சொல்லுதீங்களா?"

ஒரே ஒரு பொய். அதோடு அண்ணன் வீட்டுப் படி ஏற வேண்டாம். ஜெபசீலி வாயைத் திறந்தார். இருக்கிற அண்ணனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஒருத்தர் இருக்காவ," என்றார்.

எபநேசர் ஐயர் பணி ஓய்வு பெற்றவர். தங்கை உள்ளே வந்தபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன விஷயம்?" என்று கீரையிடம் கேட்டார்.

"எனக்கு ஞானஸ்நானம் குடுத்தத நீங்க பார்த்தீங்கன்னு கோயில்ல வந்து சொல்லணும்ண்ணே."

"எதுக்கு? அதான் செல்லாதுன்னு சொல்லியிருப்பாரே. வாளி வாளியா ஊத்தச் சொல்லு."

"செல்லும்ங்காவ. நான்தான் திரும்பக் குடுங்கன்னு கேட்டேன். சாமி தொட்டிய மூடிட்டாவ."

கீரை ஆய்ந்த கை நின்றது. அப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"மூடிட்டாரா?"

"மூடிட்டாவ."

"நீ என்னத்துக்குட்டி திரும்பக் கேட்ட?"

அந்தக் குரலில் போதகர் இல்லை, அண்ணன்தான் இருந்தார். ஜெபசீலி அழுதுவிட்டார். ஐயர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீரைக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிறு காலை முதல் மணி அடித்தாயிற்று. ஜெபசீலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மணி அடிக்கும்போது ஐயர் வந்தார். வெள்ளை அங்கி, இடுப்பில் கறுப்புக் கச்சை. சண்டைக்கு வருகிறவர் மாதிரிதான் இருந்தது. சாமி உடை மாற்றும் அறைக்குள் நேராகப் போய் நின்றார்; ஜெபசீலியும் பின்னாலேயே போனார்.

"தண்ணி ஊத்தினாங்களா ஐயா?" சாமி கேட்டார்.

"மூணு தரம்."

"யார் பேரால?"

ஐயர் நிமிர்ந்தார். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே."

"ஆமென்," என்றார் சாமி.

அவ்வளவுதான் வேலை. ஆனால் ஐயர் நகரவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அது மார்கழி மாசம். அப்பா உபதேசியார்ங்கதால தொட்டிக்குத் தண்ணி நிரப்புறது என் வேலை. பிள்ளைக்குச் சளி பிடிச்சிருமேன்னு வீட்லருந்து வெந்நி கொண்டாந்து யாருக்கும் தெரியாம கலந்துட்டேன். நானே எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன். இத மட்டும் ஒருத்தர்ட்டயும் கேட்டதில்ல. அது செல்லுமா?"

அந்த வெந்நீர்க் கதையை ஜெபசீலி அன்றுதான் கேட்கிறார்.

"செல்லும் ஐயா," என்றார் சாமி.

ஐயர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப நான் வாரேன்."

"சாட்சி பாதியில போகலாமா?"

ஐயர் தங்கையைப் பார்த்தார். தங்கை கையை நீட்டினார்.

கோயில் நடுவே அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடந்தார்கள். சனம் அத்தனையும் எழுந்து நின்றது. வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டுப் பழகிய நர்ஸ் குரலில் ஜெபசீலி விசுவாசத்தை அறிக்கையிட்டார். சாமி தலையில் கை வைத்து, நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசினார். பிறகு நற்கருணை. அந்த மீனவரின் முகத்தில் பார்த்தது இப்போது அவர் முகத்தில் இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கடற்கரைச் சனம் பாட்டை எடுத்தது. அதில் கனத்த ஒரு குரல் தனியாகக் கேட்டது. அது எபநேசர் ஐயருடையது.

வெளியே மணி விடாமல் அடித்தது. இளவட்டங்கள் சரவெடி கொளுத்தினார்கள். ஐயர் தங்கையின் நெற்றியில் பளபளத்த எண்ணெயைப் பார்த்தார். வந்தபோது இருந்த முறுக்கு போய் முகத்தில் கேலி வந்திருந்தது.

"சாமி, எங்க வீட்ல எண்ணெ தேச்ச பிறகுதான் வெந்நி ஊத்துவோம். நீங்க என்னன்னா, வெந்நி ஊத்தி அம்பது வருசம் கழிச்சு எண்ணெ தேய்க்கீங்களே?"

சாமி ஜெபசீலியைப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஈரம் இன்னும் காயலையே ஐயா," என்றார் சாமி.