உயர்திரு ஏ.ஐ. ஏஜென்டுக்கு ஒரு கையேடு

காங்கேயத்துத் தேங்காய்க் களங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கிளை இருந்தது. நாச்சிமுத்து அதற்கு மேலாளர். தெய்வசிகாமணியும் குழந்தைவேலும் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். வேலை இவர்களைப் பார்க்கும், இவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

ஒரு நாள் காலையில் திருப்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வத்சலா மேடம் போன் செய்தார்.

"நம்ம இணைப்புச் சோதனைக் கருவி இருக்கில்ல? ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணைக் கூப்பிட்டு 'இருக்கியா'ன்னு கேக்குமே, பதில் வந்தா இணைப்பு இருக்கு, வரலேன்னா இல்ல. இனிமே அதை ஏ.ஐ. ஏஜென்டுகதான் இயக்கப் போகுது. அதுக்கு ஒரு கையேடு எழுதுங்க. எழுதினதை எழுதினபடியே செய்யும், அதனால ஒண்ணு விடாம எழுதணும். முடிச்சதும் ஒண்ணுமே தெரியாத ஆள்கிட்டக் கொடுத்துச் சரிபாருங்க. சாயங்காலத்துக்குள்ள கையேடு சரியா வரலைன்னா கிளையை மூடிடுவேன்."

 கிளை போனால் நாச்சிமுத்துவுக்கு மாமனாரின் களத்தில் கொப்பரை புரட்டுவதுதான் கதி. முன்பு ஒரு தடவை போயிருக்கிறார். "காயற வரைக்கும் பக்கத்துலயே இருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் சொல்லிவிட்டுப் போனார். மழை வந்தது. கொப்பரை நனைந்தது, மாப்பிள்ளையும் பக்கத்திலேயே நனைந்தார். மாமனார் இன்னும் அதை மறக்கவில்லை.

"ஏ.ஐ. ஏஜென்டுங்கிறது யாருங்ணா? கேஸ் ஏஜென்டா, இன்சூரன்ஸா?" என்று கேட்டான் குழந்தைவேல்.

தெய்வசிகாமணி விவரம் தெரிந்தவன். "ஏ.ஐ.ங்கிறது இனிசியலுங்க. தாத்தா ஆறுமுகம், அப்பா ஐயாச்சாமி."

"அப்ப நல்ல குடும்பந்தான்" என்று நாச்சிமுத்து தலையாட்டினார். "மரியாதை கொறையாம எழுதோணும்."

ஆகவே கையேடு 'உயர்திரு ஏ.ஐ. ஏஜென்ட் அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்கியது. குழந்தைவேல் கருவியை இயக்கிக் காட்டுவது, அவன் செய்வதையெல்லாம் தெய்வசிகாமணி எழுதுவது என்று ஏற்பாடு. 'செருப்பைக் கழற்றவும். நாற்காலியைத் துடைக்கவும்' என்று எழுத்து ஓடியது. துடைத்த தூசியில் குழந்தைவேல் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டான்.

"தும்மலையும் எழுதோணுமாங்க?" என்று கேட்டான் தெய்வசிகாமணி.

"ஒண்ணு விடாமன்னு மேடம் சொன்னாங்கல்ல?"

"இவன் ரெண்டு தும்முனானுங்களே!"

நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணைத்தான் விடக்கூடாதுன்னாங்க. ரெண்டாவதை விட்டுரலாம்."

'ஒரு முறை தும்மவும்' என்று எழுதினார்கள்.

இணைப்பு இல்லாதபோது கருவி என்ன சொல்லும்? அதையும் எழுத வேண்டுமே. இணைப்புக் கேபிளைப் பிடுங்கினார்கள். 'இணைப்பு இல்லை' என்றது கருவி. மூவரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் போனில் வத்சலா மேடம் கூப்பிட்டார்.

"எடுத்துராதீங்ணா!" என்று பாய்ந்தான் தெய்வசிகாமணி. "இணைப்பு இல்லைன்னு கருவி இப்பத்தானுங்க சொல்லுச்சு. நீங்க பேசிட்டா கருவி பொய்யாயிரும். கருவி பொய்யின்னா கையேடும் பொய்யி."

நாச்சிமுத்து சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். போன் பாவம், அடித்து அடித்து ஓய்ந்தது.

அடுத்தது சரிபார்ப்பு. ஒன்றுமே தெரியாத ஆள் யார் என்று கேள்வி எழுந்தது.

"எனக்கு ஒண்ணுந்தெரியாதுங்க" என்றான் குழந்தைவேல்.

"தெரியாதுங்கிறது உனக்குத் தெரியுதல்ல? எனக்கு அதுகூடத் தெரியாது" என்றான் தெய்வசிகாமணி.

நாச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேலாளர்னு நான் ஒருத்தன் இருக்கறப்ப நீங்க எப்படீப்பா முந்தலாம்? நீங்க இங்க வர்றதுக்கு முன்னாலிருந்தே எனக்கு ஒண்ணுந்தெரியாது. ஊருக்குள்ள யாரை வேணாலும் கேட்டுப்பாருங்க!"

அனுபவத்துக்கு மரியாதை கொடுத்து இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். அவர் கையேட்டைப் படித்தார், 'ஒன்றும் புரியவில்லை' என்று அடியில் கையெழுத்துப் போட்டார். சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது.

போனை யாரும் எடுக்காததில் பதறிப்போய், மாலையில் வத்சலா மேடமே காரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏன் யாரும் போனை எடுக்கல?"

மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேடம் மாதிரியே இருக்குதுங்ணா" என்று கிசுகிசுத்தான் குழந்தைவேல்.

"பேசாத" என்று அடக்கினான் தெய்வசிகாமணி. "இணைப்பு இல்லை."

தொங்கிக்கொண்டிருந்த கேபிளை மேடம் கவனித்தார். எடுத்துச் செருகினார். 'இணைப்பு உண்டு' என்றது கருவி.

"அடடே, வாங்க மேடம்! எப்ப வந்தீங்க?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மேடம் கையேட்டை அங்கேயே கம்ப்யூட்டரில் இருந்த ஏ.ஐ. ஏஜென்டிடம் கொடுத்தார். அது கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் எழுதியது: 'எனக்குச் செருப்பு இல்லை. நாற்காலியும் இல்லை. அவற்றைத் தாண்டிவிட்டேன். தும்மல்தான் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.'

"அதுக்கென்னுங்க" என்று சொல்லி, தெய்வசிகாமணி கம்ப்யூட்டரின் காற்றுத் துளையில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் தூவினான். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது, திரை அணைந்தது.

"தும்மிட்டு அசந்து தூங்கிட்டாருங்க" என்றான்.

"போதும்! கிளையை மூடுங்க. இப்பவே மூடுங்க!" என்று கத்திவிட்டு, மேடம் தலையில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் மேலிடத்து உத்தரவை மீற முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்களோடு வெளியே போனார். பக்கத்துக் களத்தில் ஒரு பெரிய தார்ப்பாயை இரவல் வாங்கி, கூரையிலிருந்து வாசல்படி வரைக்கும் கிளையை நன்றாக மூடினார்கள். சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். இனி எந்த மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது.

உள்ளே இருட்டியதும் மேடம் அலறினார். "யோவ்! என்னய்யா பண்றீங்க? திறங்கய்யா! உடனே திறங்க!"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களாப்பா? கிளையைத் திறக்கச் சொல்லிட்டாங்க! நம்ம பொழப்புத் தப்பிச்சுது!"

குழந்தைவேல் கயிற்றை அவிழ்க்கப் போனான். தெய்வசிகாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "சும்மா திறந்தா எப்படிடா? மூடின கிளையைத் திறக்கறோம். முறையா விழா வெக்கோணும்."

சரிதானே என்று ஓடி, ரிப்பன் வாங்கி வாசலில் குறுக்கே கட்டினார்கள். உடைக்கத் தேங்காய்க்கா அந்த ஊரில் பஞ்சம்? கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

"ரிப்பனை யாருங்ணா வெட்டறது?"

"இதென்ன கேள்வி? மேடந்தான். திறக்கச் சொன்னதே அவியதானே."

தார்ப்பாய் உள்ளிருந்து படபடவென்று அடிபட்டது. "சீக்கிரம் திறங்கய்யா!"

நாச்சிமுத்து தார்ப்பாயருகே குனிந்து, நன்றி பொங்க, மிகப் பணிவாகச் சொன்னார்.

"சித்த பொறுத்துக்குங்க மேடம். நீங்க வெளிய வந்து ரிப்பனை வெட்டுங்க, உடனே திறந்துர்றோமுங்க."